சுவரை விட்டு நகர்ந்த சோபா: 10க்கு 12 ஹால் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

"அக்கா, 65 இன்ச் டிவி வாங்கலாம்னு இருக்கோம். எங்க மாட்டினா நல்லா இருக்கும்னு வந்து பாத்துச் சொல்லேன்" என்று தங்கை போனில் கேட்டாள். அவர்கள் வீட்டில் இருக்கிற 43 இன்ச் டிவிக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை. அப்புறம் ஏன் மாற்ற வேண்டும் என்றதற்கு மூன்று காரணம் சொன்னாள். படம் சின்னதாகத் தெரிகிறது. பகலில் திரையில் வெளிச்சம் அடித்து ஒன்றும் தெரிவதில்லை. மாமியாருக்குக் கழுத்து வலி. கழுத்து வலிக்கும் டிவியின் அளவுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு அப்போது புரியவில்லை. அந்த வாரமே கிளம்பிப் போனேன்.

வீடுகளுக்கு உள் அலங்காரம் செய்து கொடுப்பதுதான் என் தொழில். சின்ன ஹால்கள் நிறையப் பார்த்தாயிற்று. இந்த ஒரு ஹாலை மட்டும் முழுதாக எழுதி வைக்கத் தோன்றியதற்குக் காரணம், இதில் ஒரு குறை இன்னொரு குறையை இழுத்து வந்திருந்த விதம். எது முதல், எது அதன் விளைவு என்று கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு நாள் பிடித்தது.

அறை இருந்த நிலை

ஹால் 10 அடி அகலம், 12 அடி நீளம். சென்டிமீட்டரில் 305, 366. வாசல் கதவு ஒரு குட்டைச் சுவரின் இடது மூலையில் இருக்கிறது. எதிர்க் குட்டைச் சுவரின் நடுவில் 4 அடி ஜன்னல். உள்ளே நுழைந்து நின்றால், இடது கைப் பக்க நீளச் சுவரின் கடைசியில், ஜன்னல் பக்க மூலையில், உள் அறைகளுக்குப் போகும் வழி. வலது கைப் பக்க நீளச் சுவரில் கதவும் இல்லை, ஜன்னலும் இல்லை. 12 அடியும் வெறும் சுவர்.

டிவியை வாசல் கதவை அடுத்த குட்டைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். எதிரே ஜன்னலுக்குக் கீழே, வலது மூலைக்குத் தள்ளி, மூன்று பேர் உட்காரும் சோபா. வலது நீளச் சுவரை ஒட்டி ஒரு ஷோகேஸ், நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள். நட்ட நடு ஹாலில் மாமியாரின் பிரம்பு நாற்காலி. உள்ளே போகிறவர்கள் எல்லோரும் அதைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். ஒன்பது வயதுப் பையன் இரண்டு முறை அதில் கால் இடறி விழுந்திருக்கிறான். "நாங்க எங்க எடுத்துப் போட்டாலும் அத்தை திரும்ப அங்கதான் இழுத்துப் போட்டுக்குறாங்க" என்றாள் தங்கை. ஏதோ பிடிவாதம் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

முதல் நாள் நான் எதையும் நகர்த்தச் சொல்லவில்லை. டேப்பை எடுத்து அளந்தேன். பொதுவாக டேப்பை எடுத்ததும் சுவரைத்தான் அளப்பார்கள். நான் முதலில் அளப்பது கண்ணை. சோபாவில் நன்றாகச் சாய்ந்து உட்காரச் சொல்லி, தரையிலிருந்து கண் வரைக்கும் எவ்வளவு என்று பார்ப்பேன். நிமிர்ந்து உட்கார்ந்தால் கணக்கு தப்பிவிடும். படம் பார்க்கும்போது யாரும் நிமிர்ந்து உட்காருவதில்லை. தங்கைக்கு 108 செ.மீ. வந்தது. பிரம்பு நாற்காலி தாழ்வானது, அதில் அத்தைக்கு 100. டிவியின் நடுப்புள்ளி தரையிலிருந்து 160.

160 செ.மீ. என்பது நிற்கிற மனிதரின் கண் உயரம். டிவியை மாட்ட வந்தவர் நின்றபடி மாட்டினார். வீட்டுக்காரர்களும் நின்றபடியே "சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டார்கள். இப்படி மாட்டிய டிவியை எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன். ஓட்டை போடுவதற்கு முன்னால் ஒருவரை நாற்காலியில் உட்கார வைத்துப் பார்த்தால் போதும், தவிர்த்துவிடலாம்.

அடுத்தது தூரம். சோபாவில் உட்கார்ந்தவரின் கண்ணுக்கும் திரைக்கும் 3 மீட்டர். 43 இன்ச் என்பது திரையின் குறுக்கு மூலை அளவு, 109 செ.மீ. அகலம் 95 செ.மீ.தான். அமெரிக்காவின் திரைப்பட, தொலைக்காட்சிப் பொறியாளர் சங்கமான எஸ்எம்பிடிஇ, திரை நம் பார்வையில் அகலவாக்கில் 30 பாகையாவது அடைக்க வேண்டும் என்கிறது. அதற்குக் குறுக்கு அளவைப் போல் 1.6 மடங்கு தூரத்தில் உட்கார வேண்டும். சினிமா தியேட்டர்களுக்கும் வீட்டுத் திரைகளுக்கும் தரச்சான்று தரும் டிஎச்எக்ஸ் நிறுவனம் சொல்வது 40 பாகை, அது 1.2 மடங்கு தூரம். சினிமா தியேட்டர் போல் மூழ்கிப் பார்க்க நினைப்பவர்களுக்கு அது சரி. எல்லாரும் கூடி உட்காரும் ஹாலுக்கு நான் 30 பாகைக் கணக்கைத்தான் எடுத்துக்கொள்வேன். 43 இன்ச் டிவிக்கு அது ஏறத்தாழ 175 செ.மீ. இவர்கள் உட்கார்ந்திருந்தது 300 செ.மீ.யில். திரை 18 பாகையைத்தான் அடைத்தது. 3840க்கு 2160 புள்ளிகள் கொண்ட 4கே டிவி அது. அந்தத் தூரத்தில் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளைப் பிரித்தறியக் கண்ணால் முடியாது. காசு கொடுத்து வாங்கிய நுணுக்கத்தில் பெரும்பகுதி யார் கண்ணையும் எட்டவே இல்லை.

இங்கேதான் அத்தையின் நாற்காலி விளங்கியது. படத்தின் அடியில் ஓடும் எழுத்து சோபாவிலிருந்து அவருக்குத் தெரியவில்லை. அதனால் நாற்காலியைத் திரைக்கு ஒன்றரை மீட்டர் வரைக்கும் இழுத்துப் போட்டுக்கொண்டார். தூரம் பாதியானதும் உயரம் தொல்லையாகிவிட்டது. சோபாவிலிருந்து பார்த்தால் 10 பாகைதான் அண்ணாந்து பார்க்க வேண்டும். அது பெரிதாக உறுத்தாது. ஒன்றரை மீட்டரில், தாழ்ந்த நாற்காலியில் இருந்து அதுவே 22 பாகை. தினம் இரண்டு மூன்று மணி நேரம் அப்படிக் கழுத்தைத் தூக்கியே பார்த்திருக்கிறார். வழியில் நாற்காலி கிடந்ததும் பையன் விழுந்ததும் கழுத்து வலியும், எல்லாம் அந்த 3 மீட்டரிலிருந்து வந்தவை. நாற்காலியைப் பற்றி அவரிடம் யாருமே கேட்டதில்லை. நான் கேட்டதும், "எழுத்து தெரியலையேம்மா, வேற எங்க உக்காரறது" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

அணைந்த திரையில் தெரிந்தது

வெளிச்சத்துக்கு நான் செய்வது ஒரு எளிய சோதனை. பகலில் ஒரு முறை, இரவில் விளக்குகளைப் போட்டு ஒரு முறை, டிவியை அணைத்துவிட்டு வழக்கமான இடத்தில் உட்கார்ந்து அந்தக் கறுப்புத் திரையையே பார்க்க வேண்டும். அதில் பளிச்சென்று என்னென்ன தெரிகிறதோ, படம் ஓடும்போது படத்தை மறைப்பவையும் அவைதான்.

இந்த ஹாலில் பகல் 11 மணிக்குத் திரையின் கீழ்ப்பகுதியில் ஜன்னலின் மேல்பகுதி தெரிந்தது, கம்பிகளைக்கூட எண்ணலாம். இரவில் நடுத்திரையில் ஒரு வெள்ளைக் கோடு. ஜன்னலுக்கு மேலே எதிர்ச் சுவரில் இருந்த டியூப் லைட்தான் அது. ஒளி வந்த கோணத்திலேயே திரும்பும் என்று பள்ளியில் படித்ததுதான் காரணம். கண் 108 செ.மீ.யிலும் விளக்கு 230 செ.மீ.யிலும் இருக்கும்போது, அதன் பிம்பம் அந்தத் திரையில் 163 செ.மீ. உயரத்தில் விழும். டிவியின் நடுப்புள்ளி 160. குறி வைத்து மாட்டியது போல அமைந்துவிட்டது.

ஜன்னல் டிவிக்கு நேர் எதிரே இருந்தால் பிம்பம் விழும். டிவிக்குப் பின்னால் இருந்தால், வெளி வெளிச்சத்துக்குப் பழகிய கண்ணுக்குப் படம் மங்கிப்போகும். பக்கவாட்டில் இருப்பதுதான் இரண்டுக்கும் நல்லது. இந்த ஹாலில் ஜன்னலுக்குப் பக்கவாட்டில், தடங்கலே இல்லாத ஒரு சுவர் காத்திருந்தது. ஷோகேஸ் நின்ற அந்த வலது நீளச் சுவர்.

65 இன்ச் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் கணக்குப் போட்டுக் காட்டினேன். 3 மீட்டரில் அது 27 பாகை அடைத்திருக்கும். அளவைப் பொறுத்தவரை அவர்கள் நினைத்தது தப்பில்லை. ஆனால் 144 செ.மீ. அகலமும் 81 செ.மீ. உயரமும் உள்ள கறுப்புக் கண்ணாடி அது. அதே சுவரில் மாட்டினால் ஜன்னலின் பிம்பம் இன்னும் அதிகமாக விழும். கதவு போக அந்தச் சுவரில் மிச்சம் ஆறரை அடிதான், அதில் முக்கால் பங்கை டிவியே விழுங்கிவிடும். இரண்டாவது, மூன்றாவது குறைகள் அப்படியே இருந்திருக்கும்.

சோபாவை எங்கே போடுவது

டிவி வலது சுவருக்குப் போகலாம் என்று எல்லோரும் உடனே ஒப்புக்கொண்டார்கள். சோபாவை எதிரே இடது சுவரில் ஒட்டிப் போட முடியாது; உள்ளே போகும் வழி அடைபடும். நான் சொன்னது, சோபாவை இடது சுவரிலிருந்து 80 செ.மீ. தள்ளிப் போடுவது. நடக்கிற வழி சோபாவுக்குப் பின்னால் போய்விடும்.

மாப்பிள்ளை முகத்தில் கலவரம். "சின்ன ஹால்ல சோபாவை நடுவுல போட்டா இன்னும் சின்னதாயிடாதா?" என்றார். நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் சுவரோடு ஒட்டினால் நடுவில் இடம் கிடைக்கும் என்று நாம் பழகிவிட்டோம். படக்குழாய் டிவி இருந்த காலத்தில் அதற்குக் காரணம் இருந்தது. அந்த டிவியின் பின்பகுதி அரை மீட்டர் வரை நீண்டிருக்கும். மூலையில் வைத்தால்தான் இடம் மிஞ்சும், மற்றதெல்லாம் அதைச் சுற்றிச் சுவரோடு போகும். இன்றைய டிவி சுவரிலிருந்து ஒரு சாண்கூட வெளியே வருவதில்லை. டிவி தட்டையான பிறகும் நாற்காலிகள் பழைய இடத்தை விட்டு நகரவில்லை.

அந்த ஹாலின் நடுவில் மிஞ்சியிருந்த இடத்தை யார் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று கேட்டேன். நடப்பதற்கு மட்டும்தான். நடக்க 80 செ.மீ. போதும்.

வாயால் சொல்லிப் புரிய வைப்பதை விடச் செய்து பார்ப்பது மேல் என்று ஒரு சனிக்கிழமை சாயங்காலம் டிவியைக் கழற்றினோம். பெட்டியோடு வந்த அதன் கால்களைத் தேடி எடுத்து மாட்டி, வலது சுவரை ஒட்டி இரண்டு ஸ்டூல்களின் மேல் ஒரு பலகையைப் போட்டு நிறுத்தினோம். வாசல் சுவரிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயர். சோபாவை இழுத்தோம். ஒரு ஓட்டைகூடப் போடவில்லை. இரண்டு நாள் அப்படியே வாழ்ந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

சோபாவில் சாய்ந்தால் கண்ணுக்கும் திரைக்கும் 180 செ.மீ. கிட்டத்தட்ட அந்த 30 பாகை. தங்கை உட்கார்ந்தாள், கொஞ்ச நேரம் பேசவில்லை. "இது நம்ம டிவிதானா?" என்றாள். 65 இன்ச் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை.

அத்தையின் நாற்காலிதான் எனக்கு முக்கியமாக இருந்தது. சோபாவின் ஜன்னல் பக்க முனைக்கும் ஜன்னல் சுவருக்கும் நடுவில் ஏறக்குறைய 85 செ.மீ. கிடைத்தது. அங்கே பிரம்பு நாற்காலியைப் போட்டு டிவி பக்கம் திருப்பினோம். பகலில் படிக்க ஜன்னல் வெளிச்சம் பின்னாலிருந்து புத்தகத்தில் விழும். யார் வழியிலும் இல்லை. ஆனால் டிவி சோபாவின் நடுவுக்கு நேராக இருந்ததால் அவர் 40 பாகை சரிவிலிருந்து பார்க்க வேண்டியிருந்தது. இந்த டிவியில் இருப்பது விஏ வகைத் திரை. நேரே பார்த்தால் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும், பக்கவாட்டில் போகப் போகச் சாயம் போன துணி மாதிரி வெளுக்கும். ஐபிஎஸ் திரையில் இந்த வெளுப்பு குறைவு, ஓலெட் திரையில் அதைவிடக் குறைவு. இருப்பதோ விஏ. அதனால் டிவியை ஜன்னல் பக்கமாக ஒரு அடி நகர்த்தினோம். அத்தைக்கு 40 பாகை 33 ஆயிற்று. சோபாவின் நடுவில் இருப்பவருக்கு வெறும் 9 பாகை விலகல். அவர் உணரவே மாட்டார்.

நகர்த்திவிட்டு அத்தையை உட்கார வைத்தோம். ஓடுகிற எழுத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டினார். கை தானாகக் கழுத்துக்குப் போய், அங்கே அழுத்த ஒன்றும் இல்லாமல் மடிக்குத் திரும்பியது.

ஓட்டை போட்டது, மறுபடி போட்டது

டிவியின் நடுப்புள்ளியை 100 செ.மீ. உயரத்தில் வைப்பதாக முடிவு. அத்தைக்குக் கண் மட்டம். சோபாவில் இருப்பவருக்குச் சற்றுக் கீழே. கொஞ்சம் கீழ்நோக்கிப் பார்ப்பது கண்ணுக்கும் கழுத்துக்கும் சுகமானதுதான்.

வேலையில் நான் ஒரு தப்பு செய்தேன். சுவரில் 100 செ.மீ.யில் பென்சிலால் குறித்து, வால் மவுண்ட் தகட்டின் நடு அங்கே வரும்படி ஓட்டை போடச் சொன்னேன். டிவியைத் தூக்கி மாட்டி, டேப் வைத்துப் பார்த்தால் நடுப்புள்ளி 109. டிவியின் முதுகில் மவுண்ட்டுக்கான நான்கு திருகுத் துளைகள் எப்போதும் நடுவில் இருப்பதில்லை; இந்த மாடலில் அவை நடுவுக்கு 9 செ.மீ. கீழே இருந்தன. துளையிலிருந்து திரையின் மேல் விளிம்பு எவ்வளவு, கீழ் விளிம்பு எவ்வளவு என்று முன்பே அளந்திருக்க வேண்டும். தகட்டைக் கழற்றி 9 செ.மீ. இறக்கி மறுபடி நான்கு ஓட்டை. பழைய ஓட்டைகள் டிவிக்குப் பின்னால் மறைந்துவிட்டன. ஆனால் இப்போது யார் வீட்டுக்குப் போனாலும் டிவியைக் கவிழ்த்துப் போட்டு அந்தத் துளைகளை அளக்காமல் டிரில்லைத் தொடுவதில்லை.

சுவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கெட்டிச் செங்கல்லாக இருந்ததால், ஓட்டைக்குள் திணித்துத் திருகாணியைப் பிடிக்க வைக்கும் சாதாரண பிளாஸ்டிக் பிளக் போதுமாக இருந்தது. உள்ளே கூடாக இருக்கும் கல்லிலும் ஜிப்சம் தடுப்பிலும் அது பிடிக்காது, அவற்றுக்கென்று தனி ஆணிகள் உண்டு. ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் ஓட்டை போடக் கூடாது. சுவருக்குள் வயர் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் போகும்.

புதிய சுவரில் பிளக் பாயிண்ட் இல்லை. சுவரை வெட்டாமல், வாசல் சுவரிலிருந்து தரையோரமாக பிவிசி கேசிங் ஓட்டி எலக்ட்ரீஷியன் ஐந்து பாயிண்ட் வைத்துக் கொடுத்தார். டிவி, செட்டாப் பாக்ஸ், சவுண்ட்பார், வைஃபை ரவுட்டர், ஒரு விளக்கு. ஐந்துமே நிரம்பிவிட்டன. எண்ணிப் பார்க்காமல் இரண்டு பாயிண்ட் வைத்துவிட்டு, அப்புறம் எக்ஸ்டென்ஷன் மேல் எக்ஸ்டென்ஷன் தொங்கவிடுவது அழகுக்கும் கேடு, ஆபத்தும்கூட. ரவுட்டரை டிவிக்குப் பின்னால் ஒளித்து வைக்கலாம் என்று மாப்பிள்ளை சொன்னார். டிவியின் முதுகில் இருக்கும் உலோகத் தகடு சிக்னலை மறைக்கும் என்பதால் அதை ஸ்டாண்டின் வெளி ஓரத்தில், திறந்த இடத்திலேயே வைத்தோம்.

ஸ்டாண்ட் 50 செ.மீ. உயரம், 30 செ.மீ. ஆழம், 5 அடிக்குக் கொஞ்சம் மேல் நீளம். செட்டாப் பாக்ஸை மூடிய அறைக்குள் வைக்கலாம் என்பது தச்சரின் யோசனை, பார்வைக்குச் சுத்தமாகத்தான் இருந்தது. முதல் நாளே ரிமோட் வேலை செய்யவில்லை. அகச்சிவப்புக் கதிர் மரப்பலகையைத் தாண்டாது. கதவைத் திறந்து தொட்டுப் பார்த்தால் பெட்டி கொதித்தது. பலகையை எடுத்துவிட்டு, அந்தச் சட்டத்துக்குள் இடைவெளி விட்டுப் பின்னிய பிரம்பு வலையைப் போட்டார். கதிரும் போகிறது, காற்றும் போகிறது, உள்ளே இருப்பது கண்ணில் படுவதில்லை. அத்தையின் நாற்காலியும் பிரம்பு என்பதால் இரண்டும் ஒரு ஜோடி போல அமைந்தது. அதை நான் திட்டமிடவில்லை. ஸ்டாண்டையும் சுவரோடு திருகிவிட்டோம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் டிவி, ஸ்டாண்ட், அலமாரி எதுவும் பிடிமானம் இல்லாமல் நிற்கக் கூடாது. இழுப்பறையைப் படியாக்கி ஏறுகிற வயது ஒன்று எல்லாக் குழந்தைக்கும் வரும்.

சுவரும் விளக்கும் மற்றவையும்

டிவி நடுவிலிருந்து ஒரு அடி விலகியிருப்பது முதலில் தங்கைக்கு உறுத்தியது. டிவியின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அலமாரி, ஒரே மாதிரி பொம்மை என்று வைத்தால் கண் நேராக நடுவுக்குத்தான் போகும். அணைந்திருக்கும்போதும் டிவிதான் அறையின் சாமானாகத் தெரியும். ஸ்டாண்டை வாசல் பக்கமாக நீட்டி, அந்தப் பக்கம் மிஞ்சிய இரண்டடியில் கனமான பொருள்களைச் சேர்த்தோம். படுக்க வைத்த சில புத்தகங்கள், மண் ஜாடி ஒன்று, தரையில் இடுப்பளவு உயரமுள்ள ஒரு செடி. டிவிக்கு மேலேயும் ஜன்னல் பக்கத்திலும் ஒன்றும் இல்லை. தராசின் ஒரு தட்டில் டிவி, இன்னொன்றில் செடியும் ஜாடியும் என்று நினைத்துக்கொண்டால் போதும். செடித்தொட்டியை ஸ்டாண்டின் மேல் வைக்கவில்லை. தண்ணீர் ஊற்றும் எதுவும் பிளக்குக்கு மேலே இருக்கக் கூடாது.

அந்த ஒரு சுவருக்கு மட்டும் சாம்பல் கலந்த கரும்பச்சை அடித்தோம், பளபளப்பே இல்லாத மேட் பெயிண்ட். வெள்ளைச் சுவரில் கறுப்பு டிவி ஓட்டை போலத் தெரியும். அடர்ந்த நிறத்தில் அது அடங்கிவிடும். சின்ன ஹாலில் கரும் நிறம் அறையைச் சுருக்கும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. நாலு சுவருக்கும் அடித்தால் அது உண்மையாகலாம். ஒன்றுக்கு அடித்தால் அந்தச் சுவர் சற்றுத் தள்ளிப் போனது போலத்தான் எனக்குத் தெரிகிறது. ஒன்றைச் சொல்ல வேண்டும்: ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற சுவரில் பூச்சின் மேடுபள்ளம் எல்லாம் நிழலாகத் தெரியும். பெயிண்டுக்கு முன்னால் பட்டி பார்த்து, விளக்கைச் சுவரோரமாகப் பிடித்துச் சரி பார்த்துவிட்டுத்தான் அடித்தோம்.

டிவியைக் கீழே இறக்கியதில் எதிர்பாராத ஒரு லாபம் கிடைத்தது. ஜன்னலுக்கு மேலே இருந்த டியூப் லைட் இப்போது இடம் மாறி, டிவிக்கு எதிர்ச் சுவரில், சோபாவுக்குப் பின்னால் இருக்கிறது. ஆனால் அதன் பிம்பம் திரையின் மேல் விளிம்பைத் தாண்டி மேலேதான் விழும். அதனால் விளக்கைப் போட்டுக்கொண்டே படம் பார்க்க முடிகிறது. இரவில் அது வேண்டாம் என்று தோன்றும்போது டிவியின் முதுகில் ஒட்டிய எல்இடி பட்டை மட்டும் எரியும். அது 6500 கெல்வின் வெள்ளை (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு கெல்வின்); திரையின் வெள்ளையும் அந்த அளவுக்குத்தான் சரிசெய்யப்படுகிறது. அதன் பிரகாசம் திரையின் உச்ச வெள்ளையில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் போதும். இருட்டில் திரை மட்டும் எரியும்போது காட்சிக்குக் காட்சி கண் சுருங்கி விரிந்து களைத்துப் போகும், இந்தப் பின்வெளிச்சம் அதைத் தணிக்கும். கறுப்பும் இன்னும் ஆழமாகத் தெரியும். நிறம் மாறி மாறி எரியும் பட்டை வேண்டும் என்று பையன் கேட்டான். சுவரின் நிறம் மாறினால் படத்தின் நிறமும் மாறினது போலக் கண் ஏமாறும் என்று, இரண்டையும் எரியவிட்டுக் காட்டினேன். ஒரு முகத்தைப் பச்சை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வெள்ளையே போதும் என்று ஒத்துக்கொண்டான். அத்தை பக்கத்தில் மட்டும் 2700 கெல்வின் மஞ்சள் விளக்கு, காலடியில் ஸ்விட்ச்சோடு.

டீபாயை எடுத்துவிட்டோம். சோபாவின் முன் விளிம்புக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவில் 110 செ.மீ.தான், டீபாய் போட்டால் கால் நீட்ட இடமில்லை. சோபாவின் கைப்பிடிப் பக்கம் ஒரு சின்ன முக்காலி அந்த வேலையைச் செய்கிறது. தரையில் 4க்கு 6 கம்பளம், அதன் ஒரு ஓரம் சோபாவின் முன்கால்களுக்குக் கீழே. கம்பளமும் ஜன்னலின் கனமான திரைச்சீலையும் வந்த பிறகு பேச்சு தெளிவாகக் கேட்கிறது என்று அத்தைதான் முதலில் கவனித்துச் சொன்னார். வெறும் தரையும் வெறும் சுவரும் ஒலியைத் திருப்பித் திருப்பி அடிக்கும், துணி அதை உறிஞ்சும். தட்டை டிவியின் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ இருப்பதால் சவுண்ட்பார் ஒன்றை முன்பே வாங்கியிருந்தார்கள். அதை ஷோகேஸுக்குள்ளிருந்து எடுத்து டிவிக்கு நேர் கீழே வைத்தோம். ஷோகேஸ் படுக்கையறைக்குப் போனது.

வாசலிலிருந்து பார்த்தால் சோபாவின் முதுகு வெறுமையாகத் தெரியுமோ என்று எனக்கே சந்தேகம் இருந்தது. தாழ்ந்த முதுகுள்ள சோபா என்பதால் மறைக்கவில்லை. அதன் மேல் தடித்த பருத்தி விரிப்பு ஒன்றைத் தொங்கவிட்டோம், அவ்வளவுதான்.

நான்கு மாதம் கழித்து

போய்ப் பார்த்தேன். அத்தையின் நாற்காலி போட்ட இடத்திலேயே இருக்கிறது. கழுத்து வலி முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல நான் வைத்தியர் இல்லை. டிவி பார்த்து எழும்போது கழுத்தைப் பிடிப்பதில்லை என்று அவர் சொன்னார். மாலையில் டிவி அணைந்திருக்கும் நேரத்திலும் எல்லோரும் அங்கேதான் இருக்கிறார்கள். சோபாவும் நாற்காலியும் எல் வடிவத்தில் இருப்பதால் முகம் பார்த்துப் பேச முடிகிறது. முன்பு சோபாவில் வரிசையாக உட்கார்ந்து சுவரைப் பார்த்துப் பேசினார்கள்.

சரியாகாததும் ஒன்று உண்டு. சோபாவின் வாசல் பக்க முனையில் உட்கார்ந்தால் பகலில் திரையின் ஒரு ஓரத்தில் ஜன்னல் தெரிகிறது. திரைச்சீலையை அந்தப் பக்கம் மட்டும் பாதி இழுத்து விட்டால் போய்விடும், ஆனால் யாராவது எழுந்து போய் இழுக்க வேண்டும். மாப்பிள்ளை வழக்கமாக உட்காருவது அந்த முனையில்தான். ஜன்னலுக்கு மெல்லிய இரண்டாவது திரைச்சீலை ஒன்றை வெளிச்சத்தை வடிகட்டுகிற மாதிரி போடச் சொல்லியிருக்கிறேன்.

வாசல் பக்கத்துப் பழைய டிவிச் சுவரில் நான்கு ஓட்டைகளையும் பட்டி வைத்து அடைத்தோம். அந்தச் சுவருக்கு இன்னும் பெயிண்ட் அடிக்கவில்லை. நான்கு வெள்ளைப் பொட்டுகளுக்கும் நடுவில் பையன் ஒரு கயிறு கட்டி, துணி கிளிப்பில் தன் படங்களைத் தொங்கவிட்டிருக்கிறான். எல்லாம் அவன் கண் உயரத்தில்.